கால்வாய்ப் படகில் ஒரு விருந்துபசாரம்



உங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எட்டு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை காலை வரை ஆறு இரவுகள் தங்கப் போகிறார்கள். அவர்களில் ஒருவரையும் நீங்கள் முன்பின் கண்டதில்லை. ஒருவருக்கு நிலக்கடலை ஆகாது. இன்னொருவருக்கு முழங்கால் வலி. படி இறங்க முடியாது. கணவனும் மனைவியுமாக வந்த ஒரு சோடி ஏதோ கோபத்தில் தமக்குள் கதைப்பதேயில்லை. வீடோ 30 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். அதிலும் அந்த வீடு ஓரிடத்தில் நிற்பதில்லை. தண்ணீரில் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது!

கேட்கும்போதே தலை சுற்றுகிறதல்லவா? ஆனால் இதையே தொழிலாகச் செய்து மாதச் சம்பளம் வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டுக் கால்வாய்களில் ஓடும் சொகுசுப் படகுகளில் அவர்களுக்குப் 'பயணப் பணிப்பாளர்' என்று பதவிப் பெயரும் உண்டு. ஆங்கிலத்தில் 'குரூஸ் டிரெக்டர்' என்பார்கள். ஆண்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். இம்மாதம் அந்தப் பணிப்பாளரின் ஒரு வார வேலையை உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். விருந்தாளியைக் கவனிப்பது நமக்குப் புதிய விடயமல்ல. அதை எண்ணிக் கணக்கெடுத்து, பிரித்துக் கொடுத்து, கூலியும் ஓய்வும் வைத்துச் செய்யும் முறைதான் நமக்குப் புதிது.

சரக்குப் படகு சொகுசு வீடான கதை

முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது கடலில் போகும் பெருங்கப்பல் அல்ல. அடிப்பாகம் தட்டையான, நீண்ட சரக்குப் படகு. 'பார்ஜ்' என்பார்கள். தானியம், நிலக்கரி, மணல், மது போன்றவற்றை ஏற்றி ஐரோப்பாவின் கால்வாய்களில் தலைமுறை தலைமுறையாக இவை ஓடின. புகையிரதமும் லொறியும் அந்தச் சரக்குகளைப் பறித்துக்கொண்ட பிறகு படகுகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1960களில் சிலர் அவற்றை வாங்கி, சரக்கு வைத்த இடத்தில் அறைகளும் குளியலறைகளும் அமைத்து, தங்கிப் பயணம் செய்யும் ஹோட்டல்களாக மாற்றத் தொடங்கினார்கள். ஆறு பேர், எட்டுப் பேர், பன்னிரண்டு பேர் என்று சிறிய தொகையினரே ஒரு படகில் தங்குவர். ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு ஆயிரக்கணக்கான டொலர் கட்டணம். எட்டு விருந்தினருக்கு நான்கைந்து ஊழியர்கள் இருப்பார்கள்: படகோட்டும் கப்டன், கயிறு பிடிக்கும் உதவியாளர், சமையற்காரர், அறைகளையும் மேசையையும் பார்ப்பவர், இவர்களோடு பயணப் பணிப்பாளர். சிறிய படகுகளில் கப்டனோ வழிகாட்டியோ இந்தப் பணியையும் சேர்த்துச் செய்வதுண்டு.

வேகமா? மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் ஓட அனுமதியில்லை. பல நேரங்களில் கரையில் நடந்து செல்பவர் படகை முந்திவிடுவார். நீர்கொழும்புப் பக்கம் ஒல்லாந்தர் வாய்க்காலைக் கண்டவர்கள் அதுபோன்ற ஒடுங்கிய, அமைதியான நீர்ப்பாதையை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

மலைநாட்டுப் பெண்கள் கொண்டு வந்த நீர்

பிரான்சில் இப்படகுகள் ஓடும் கால்வாய்களில் பெயர் பெற்றது தென்பகுதியிலுள்ள 'கனால் டு மிடி'. துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துச் செத் துறைமுகம் வரை 240 கிலோமீற்றர் நீளமானது. இதன் வரலாற்றைச் சகோதரிகளாகிய நாம் அறிந்துகொள்வதில் ஒரு காரணம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் பிரான்சின் மேற்குக் கரையிலிருந்து தெற்குக் கரைக்குக் கப்பலில் போக வேண்டுமானால் ஸ்பெயினைச் சுற்றி, ஜிப்ரால்டர் நீரிணை வழியாகப் போகவேண்டும். ஜிப்ரால்டர் என்பது 'ஜபல் தாரிக்' என்ற அரபுப் பெயரின் திரிபு. 711ஆம் ஆண்டு அங்கே இறங்கிய தளபதி தாரிக் பின் ஸியாதின் பெயரால் வந்தது. அந்த நீண்ட சுற்றைத் தவிர்க்க நாட்டின் குறுக்கே கால்வாய் வெட்ட முன்வந்தவர் பியர் போல் ரிக்கே. அவர் பொறியியலாளர் அல்ல; உப்பு வரி வசூலித்தவர். 1666இல் மன்னர் 14ஆம் லூயி ஆணை வழங்கினார். கால்வாய் 1681இல் திறக்கப்பட்டது. ரிக்கே அதைக் காணவில்லை. முதல் வருடமே, 1680இல், இறந்துவிட்டார்.

கால்வாய் வெட்டுவதிலும் கடினமாக இருந்தது அதன் உச்சி மேட்டுக்குத் தண்ணீர் கொண்டு வருவது. 'கறுப்பு மலை' என்ற மலைத்தொடரின் ஓடைகளைத் திருப்பி, செயின்ட் பெரியோல் என்ற இடத்தில் பெரிய அணை கட்டி, அங்கிருந்து சிறு வாய்க்கால்களால் நீரைக் கொண்டு வந்தார்கள். ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 12,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களுள் நூற்றுக்கணக்கான பெண்களும் இருந்தார்கள். அணைக்கு மண் சுமக்கத்தான் பெண்களைக் கூலிக்கு எடுத்தார்கள். ஆனால் பிரெனீஸ் மலைப்பக்கத்திலிருந்து வந்த பெண்களுக்கு, மலைச்சரிவில் தண்ணீரை எப்படி வளைத்து, எந்தச் சாய்வில் இறக்கிக் கொண்டு வருவது என்பது தங்கள் ஊர் வழக்கத்தாலேயே தெரிந்திருந்தது. படித்தவர்கள் திணறிய இடத்தில் இந்தப் பெண்களின் அறிவு பயன்பட்டதை மேற்பார்வையாளர்கள் கண்டுகொண்டார்கள். ஆனாலும் நீண்ட காலமாகப் புகழ் முழுவதும் ரிக்கேயின் பெயரிலேயே இருந்தது. ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்த பின்புதான் அப்பெண்களின் பங்கு வெளியே வந்தது.

ரிக்கேயைப் பற்றி ஒரு நல்ல விடயமும் சொல்ல வேண்டும். மழையால் வேலை நின்ற நாளுக்கும், ஞாயிறுக்கும், பண்டிகை நாளுக்கும், நோயுற்ற நாளுக்கும் அவர் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுத்தார். மூன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் அது அபூர்வமான காரியம். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. பின்னால் தேவைப்படும்.

ஒரு வாரத்து வேலை

இனிப் பணிப்பாளரின் வாரத்தைப் பார்ப்போம். ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரைதான் பயணக் காலம். குளிர்காலத்தில் கால்வாயைப் பகுதி பகுதியாக மூடித் திருத்த வேலை செய்வார்கள்.

அவரது வேலை விருந்தினர் வருவதற்குப் பல வாரங்கள் முன்பே தொடங்கிவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்விப் பத்திரம் போகும். எந்த உணவு ஆகாது, எது பிடிக்கும், கட்டில் ஒன்றா இரண்டா, நடக்கச் சிரமம் உண்டா, என்ன மருந்து எடுக்கிறீர்கள், இந்த வாரத்தில் பிறந்தநாளோ திருமண நாளோ வருகிறதா என்று கேட்டிருப்பார்கள். யூதக் குடும்பங்களுக்காக அவர்களது மார்க்க முறைப்படி உணவு வழங்கும் பயணங்களும் நடந்திருக்கின்றன. அந்தப் பத்திரத்தைச் சமையற்காரரோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பது பணிப்பாளரின் பொறுப்பு. நிலக்கடலை ஆகாதவருக்குத் தவறுதலாக ஒரு இனிப்புக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஞாயிறு பின்னேரம் சிறிய வேனில் விருந்தினரை ஹோட்டலிலிருந்தோ புகையிரத நிலையத்திலிருந்தோ அழைத்து வருகிறார். பெயர்களை அதற்கு முன்பே பாடமாக்கியிருப்பார். படகில் ஏறியதும் பாதுகாப்பு விதிகளைச் சொல்ல வேண்டும். நீர்ப்பூட்டுக்குள் படகு நுழையும்போது கையை வெளியே நீட்டக் கூடாது. கயிற்றுக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. தாழ்ந்த பாலம் வந்தால் மேல்தட்டில் இருப்பவர்கள் குனிந்து உட்கார வேண்டும். கப்பெஸ்தாங் என்ற ஊரின் பழைய கற்பாலம் அவ்வளவு தாழ்வானது. அந்தப் பாலத்தின் அளவைப் பார்த்துத்தான் இக்கால்வாயின் படகுகளையே அமைக்கிறார்கள்.

நீர்ப்பூட்டு என்றால் என்னவென்று சில சகோதரிகள் கேட்கலாம். முன்னும் பின்னும் கதவுள்ள பெரிய தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, தண்ணீரை நிரப்புவார்கள். நீர் உயர, படகும் உயரும். மேல்மட்டம் வந்ததும் முன்கதவு திறக்கும். பெசியே நகருக்குப் பக்கத்தில் இத்தகைய தொட்டிகள் படிக்கட்டுப் போல் அடுத்தடுத்து அமைந்து, படகை ஏறத்தாழ 21 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடுகின்றன. மலையேறும் படகு! அதை விருந்தினருக்கு விளங்கப்படுத்துவதும் பணிப்பாளரே.

காலையில் ஊர் பேக்கரியிலிருந்து சூடான பாண் வந்து சேர வேண்டும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் படகு நகரத் தொடங்கும். சிலர் கரையில் நடப்பார்கள், சிலர் சைக்கிள் ஓட்டுவார்கள். பின்னேரம் பணிப்பாளர் எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஏதாவது ஓர் இடம் காட்டப் போவார். மதில் சூழ்ந்த கர்க்கசோன் கோட்டை, நர்போன் நகரின் பழைய மூடிய சந்தை, மலைக்கிராமங்கள் என்று நாளுக்கு ஒன்று. நர்போன் என்றதும் நமக்கு இன்னொரு நினைவும் வர வேண்டும். 8ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 40 ஆண்டுகள், 759 வரை, அந்நகர் அந்தலூஸ் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. நல்ல வழிகாட்டி இதையும் அறிந்திருக்க வேண்டும். கல்லையும் மரத்தையும் காட்டினால் மட்டும் போதாது.

அது சரி, படகு தண்ணீரில் போகிறது; வேன் எப்படி அதோடு கூடவே வருகிறது? யாராவது ஓர் ஊழியர் வேனை அடுத்த தரிப்பிடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, சைக்கிளில் திரும்பிப் படகுக்கு வருவார். விருந்தினர் காலைச் சாப்பாட்டில் இருக்கும்போதே இது நடந்து முடிந்துவிடும். அவர்கள் இறங்கும்போது வேன் தயாராக நிற்கும். அது எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. நம் வீடுகளில் துவைத்த உடுப்பு அலுமாரிக்குள் எப்படி வந்தது என்று யாராவது கேட்கிறார்களா?

இரவு விருந்தினர் உறங்கிய பின் பணிப்பாளர் அன்றைய செலவுக் கணக்கை எழுதி, நாளை போகும் இடத்துக்கான ஏற்பாட்டைச் சரிபார்த்துவிட்டு, கால் நீட்ட மட்டும் இடமுள்ள தன் சின்ன அறைக்குப் போவார். சனிக்கிழமை காலை விருந்தினரை வழியனுப்பியதும் படகு முழுவதும் கழுவித் துடைத்து, விரிப்புகளை மாற்றி, சாமான் நிரப்பி, மறுநாள் பின்னேரம் வரும் புதியவர்களுக்கு ஆயத்தமாக வேண்டும். வாரக் கடைசியில் விருந்தினர் கொடுக்கும் அன்பளிப்புப் பணத்தை ஊழியர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது வழக்கம். கண்ணில் பட்டவருக்கு மட்டும் என்றில்லை, குசினியில் நின்றவருக்கும் பங்கு உண்டு.

எல்லாம் சொன்னபடி நடக்காத நாள்

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு நாள் பிழைக்கத்தான் செய்யும். வரட்சியில் நீர்மட்டம் குறையும். நீர்ப்பூட்டின் கதவு பழுதாகும். கடும் மழையில் பாதை மூடப்படும். அப்போது பணிப்பாளர் என்ன செய்கிறார்? செய்தியை மறைத்து இழுத்தடிப்பதில்லை. மாற்று ஏற்பாடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்: "இன்று படகு நகராது. ஆனால் பத்து மணிக்கு வேனில் இன்ன இடத்துக்குப் போகிறோம்." மனிதருக்கு ஏமாற்றத்தைத் தாங்கிக்கொள்ள முடியும். என்ன நடக்கிறதென்று தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியாது.

இன்னொரு சிரமத்தையும் சொல்கிறேன். கால்வாயின் இரு கரையிலும் பிளேன் மரங்கள் பந்தல் போட்டது போல் நின்று நிழல் தந்தன. விளம்பரப் படங்களில் எல்லாம் அந்த நிழல்தான். ஆனால் 2006இல் அங்கு கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பூஞ்சண நோயால் அம்மரங்கள் ஆயிரமாயிரமாக வெட்டப்பட்டுவிட்டன. அவ்விடங்களில் வேறு இன மரங்களை நட்டு வருகிறார்கள். நிழலை எதிர்பார்த்துப் பெருந்தொகை கொடுத்து வந்தவர், வெயில் அடிக்கும் வெறுங்கரையைப் பார்த்து முகம் சுளிப்பார். அந்த மரத்தைப் பணிப்பாளரா வெட்டினார்? ஆனாலும் அந்தச் சுளிப்பு அவருக்குத்தான். பொறுமையாக மரத்தின் கதையைச் சொல்லி, புதிதாக நட்ட கன்றுகளைக் காட்டி, அந்த மனத்தாங்கலை ஒரு வரலாற்றுப் பாடமாக மாற்றிவிடுவது அவரது திறமை.

எல்லாவற்றையும் விடப் பெரியது இரகசியம் காப்பது. மெல்லிய பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஊழியர், அந்தப் பக்கம் விருந்தினர். யாருடைய சண்டையும், யாருடைய அழுகையும், யார் என்ன மருந்து குடிக்கிறார் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். அவற்றை அவர் எந்தக் காதுக்கும் கொண்டு போவதில்லை. இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அமானிதம். நம் வீட்டுக்கு வந்து போன விருந்தாளியின் குறையை அடுத்த வீட்டு வேலியில் நின்று கதைக்கும்போது நாம் மறந்துவிடும் அதே அமானிதம்தான்.

மறைக்கக் கூடாத விடயம்

இதை வாசித்த உங்கள் மகள், "உம்மா, இந்த வேலை நல்லாயிருக்கே!" என்று சொல்லக்கூடும். அவளுக்கு நாம் பாதி உண்மையை மட்டும் சொல்லக் கூடாது.

இந்தப் படகுகளில் மது ஓரமாக இருக்கும் ஒரு பொருள் அல்ல. பயணத்தின் நடுவிலேயே இருப்பது. பகல் சாப்பாட்டிலும் இரவுச் சாப்பாட்டிலும் வெள்ளையும் சிவப்புமாக மது வகைகளை வைத்து, அது எந்தத் தோட்டத்தது, எந்த ஆண்டினது என்று விளக்கிச் சொல்லிப் பரிமாறுவார்கள். திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று ருசி பார்க்க வைப்பதும் நிகழ்ச்சி நிரலில் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் குடிப்பவரை மட்டுமன்றி, மதுவைச் சுமப்பவரையும் ஊற்றிக் கொடுப்பவரையும் சேர்த்தே கண்டித்திருக்கிறார்கள். எனவே "நான் குடிக்கமாட்டேன், ஊற்றிக் கொடுக்க மட்டும்தானே" என்று ஒரு முஸ்லிம் பெண் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள இடமில்லை.

அதோடு, ஆணும் பெண்ணுமாக ஊழியர்கள் அந்தச் சிறிய இடத்திலேயே மாதக்கணக்கில் தங்க வேண்டும். மஹ்ரம் துணையும் இல்லை. ஜூன் மாதத்தில் அப்பகுதியில் இரவு ஒன்பதரை மணியளவில்தான் சூரியன் மறைகிறது. இஷாவுக்கும் ஸுபஹுக்கும் இடையில் உறங்கக் கிடைப்பது மிகச் சொற்ப நேரம். கால்வாய் வளைய வளையக் கிப்லாவும் மாறிக்கொண்டேயிருக்கும். ஹலால் இறைச்சி கிடைக்கும் கடை, படகு நிற்கும் சிற்றூரில் பெரும்பாலும் இருக்காது.

இவற்றைச் சொல்வது பிள்ளையின் ஆசையை நசுக்குவதற்காக அல்ல. ஒரு தொழிலின் நல்லதும் பொல்லாததும் இரண்டும் தெரிந்த பிள்ளைதான் சரியாகத் தெரிவு செய்வாள். வெறுமனே "வேண்டாம்" என்று வாயடைத்தால், காரணம் தெரியாத பிள்ளைக்கு மனக்கசப்பு மட்டும்தான் மிஞ்சும்.

திறமை ஹலாலானது

அந்தப் படகின் மேசை நமக்கு ஆகாது. ஆனால் அந்தப் பணிப்பாளரிடம் இருக்கும் திறமைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்று மொழிகள் சரளமாகக் கதைக்கிறார். வேன் ஓட்டுகிறார். முதலுதவி தெரியும். ஊரின் வரலாறு தெரியும். கணக்கு எழுதுகிறார். கோபக்காரரிடம் நிதானமாகப் பேசுகிறார். இவற்றில் எது ஹராம்?

இதே திறமைகள் தேவைப்படும் இடங்கள் நம்மைச் சுற்றி எத்தனை! உம்ராவுக்குப் போகும் குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். வயதான உம்மாமார், முதன்முறை விமானம் ஏறுபவர்கள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள், கூட்டத்தில் வழி தவறுபவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் மொழி தெரிந்த, மருந்துப் பெயர் தெரிந்த, பொறுமையான ஒரு பெண், தன் மஹ்ரமோடு வந்து துணை நின்றால் எவ்வளவு பெரிய ஆறுதல்! மது பரிமாறாத குடும்பத் தங்குமிடங்கள், பெண்களுக்கான சுற்றுலாக்கள், கல்யாண ஏற்பாடுகள், வைத்தியசாலைகளில் நோயாளரை வரவேற்கும் பிரிவுகள் என்று இன்னும் பல உண்டு. நம் நாட்டில் சுற்றுலாத் துறைக்கும் ஹோட்டல் முகாமைத்துவத்துக்கும் முறையான பயிற்சி தரும் அரச நிறுவனமும் இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரமும் வழங்கப்படுகிறது. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் மகளுக்கு ஒரு மொழியும், சாரதி அனுமதிப்பத்திரமும், முதலுதவிப் பயிற்சியும் பெற்றுக் கொடுத்தால் அது எந்த நகைக்கும் குறைந்த சீதனமல்ல.

நம் குசினிக்குத் திரும்புவோம்

சகோதரிகளே, படகில் நான்கைந்து பேர் பிரித்துச் செய்யும் வேலையை நம் வீடுகளில் யார் செய்கிறார்? சமையற்காரர் நீங்கள். அறை துடைப்பவர் நீங்கள். மேசை பார்ப்பவர் நீங்கள். மாமிக்கு எது ஆகாது, மச்சானுக்கு எது பிடிக்கும் என்ற பட்டியலும் உங்கள் தலைக்குள். பெருநாளைக்கு வந்தவர்கள் "வட்டிலப்பம் நல்லாயிருந்தது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்காக நீங்கள் எத்தனை மணிக்கு எழும்பினீர்கள் என்பது எந்தக் கணக்கிலும் வராது. கால்வாயில் மண் சுமந்த மலைநாட்டுப் பெண்களின் அறிவு பல நூறு வருடம் கணக்கில் வராமல் கிடந்தது போல.

விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஈமானோடு சேர்த்துச் சொன்னார்கள். அந்த நன்மையில் நாம் பின்வாங்கப் போவதில்லை. ஆனால் நபி இப்றாஹீம் (அலை) அவர்களின் வீட்டுக்கு விருந்தினர் வந்த சம்பவத்தைக் குர்ஆனில் ஓதுகிறோமே, அதைச் சற்று நிதானமாக நினைத்துப் பாருங்கள். வந்தவர்களுக்குத் தெரியாமல் மெல்லக் குடும்பத்தாரிடம் போனவர் யார்? கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டு வந்து, விருந்தினருக்குப் பக்கத்தில் வைத்தவர் யார்? அவர்கள் சாப்பிடாமல் இருப்பதைக் கவனித்துக் கலங்கியவர் யார்? அந்த வீட்டின் ஆண்மகன், அதிலும் ஒரு நபி. நமது நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். விருந்துபசாரம் பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றப்பட்ட சுமை என்று மார்க்கம் சொல்லவில்லை. அது நம் பழக்கம் சொன்னது.

எனவே படகிலிருந்து நான்கு பழக்கங்களை மட்டும் நம் வீட்டுக்குக் கடன் வாங்குவோம்.

முதலாவது, விருந்தாளி வருமுன் கேட்பது. சீனி வியாதியா, பிரஷரா, படியேற முடியுமா என்று தொலைபேசியில் இரண்டு நிமிடம் கேட்டால், ஆறு வகை சமைத்து அதில் நான்கு மிஞ்சும் நிலை வராது.

இரண்டாவது, ஒரு கொப்பித் தாளில் வேலைகளை எழுதிப் பெயர் போடுவது. சாமான் வாங்குவது வாப்பா, பாய் விரித்துச் சஹன் வைப்பது மகன், பீங்கான் கழுவுவது இளையவன், குசினி உம்மாவும் மகளும். எழுதி வைத்தால்தான் வேலை கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிந்தால்தான் கைகொடுக்க ஆள் வரும். ஆண்பிள்ளை பீங்கான் கழுவினால் கை தேய்ந்துவிடாது.

மூன்றாவது, பிழை வந்தால் மறைக்காமல், மாற்று ஏற்பாட்டோடு சொல்வது. சோறு அடிப்பிடித்துவிட்டதா? கடையில் வாங்கியதைச் சிரித்த முகத்தோடு வையுங்கள். வந்தவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

நான்காவது, ஓய்வு. ரிக்கேயின் தொழிலாளருக்கு மழை நாளிலும் நோயுற்ற நாளிலும் கூலி இருந்தது என்று சொன்னேன் அல்லவா? நமக்குக் காய்ச்சல் வந்தாலும் அடுப்பு எரிய வேண்டும் என்ற நிலை சரியா? விருந்து முடிந்த மறுநாள் மிஞ்சியதைச் சூடாக்கிச் சாப்பிடுவது, அல்லது பாணும் பருப்பும் என்று வீட்டில் தீர்மானித்து விடுங்கள். அன்று உம்மாவுக்கு லீவு. இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். உடம்பும் அல்லாஹ் தந்த அமானிதம்தான்.

இதை வாசிக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. அந்தப் படகில் ஒரு வாரம் தங்க மனிதர்கள் ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்கிறார்கள். தெரிந்த முகத்தின் கவனிப்பும், தன் விருப்பம் அறிந்து வைத்த உணவும், தனக்காக ஒருவர் யோசித்திருக்கிறார் என்ற நிம்மதியும் சேர்ந்துதான் அந்த விலை. இவை மூன்றும் உங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும், கேட்காமலே கிடைக்கின்றன. அதற்கு நீங்கள் கொடுக்க வேண்டியது பணமல்ல. இன்று இரவு சாப்பிட்டு முடிந்ததும் உங்கள் பீங்கானை நீங்களே எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போங்கள். அங்கே நிற்பவரிடம், "இரு, நான் கழுவுறன்" என்று சொல்லுங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வேறொரு தொழிலோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.